மூன்றாவது தகடு

பவளக்குட்டை என்கிற எங்கள் ஊர் ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு இடது பக்கமாகத் திரும்பியது. அது திரும்பிய நேரத்தில் நஞ்சுண்டன் மேஸ்திரியின் கை பட்டாளத்து லாரியின் முன்சக்கரக் கணுவின் மேல் இருந்தது, என் கை ஒரு சைக்கிள் ட்யூப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தது, எதிர்ச்சாரியில் பாப்பாத்தியக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார், அவர் கையில் இருந்த டம்ளரிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மேஸ்திரி பட்டறைக்கு ஒட்டினாற்போலப் பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான். ஆகவே இந்த விஷயத்தை வேறு யார் சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும், நான் சொன்னால் முழுதாக நம்பலாம்.

லாரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டி அது, மூக்கு நீண்டது, யார் எந்தப் பெயிண்டை அடித்தாலும் ஆறு மாதத்தில் உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். சாதாரண லாரியில் பின்சக்கரம் தள்ளும், முன்சக்கரம் திரும்பும், அவரவர் வேலை அவரவருக்கு. இதில் முன்சக்கரமே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். கூகைமலைக்கு மேலே, இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், தேன்பாறை என்று நாற்பது வீட்டு ஊர் ஒன்று இருக்கிறது. போன ஐப்பசி மழையில் அந்தப் பாதை பாதிக்குப் பாதி கரைந்து போன பிறகு, எட்டிப் பிடித்து ஏறிப் போகிற வண்டி இது ஒன்றுதான் மிச்சம். ஆறுச்சாமி ஓட்டுவான். ரேஷன் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் மேலே போகும், ராகி மூட்டையும் எலுமிச்சையும் காய்ச்சல்காரர்களும் கீழே வருவார்கள்.

அந்த வைகாசியில் லாரியின் இடது முன்சக்கரம் ஆடத் தொடங்கியது. ஏழாவது வளைவில் ஸ்டீரிங் தன் கையிலிருந்து துள்ளியதாக ஆறுச்சாமி வந்து சொன்னான். மாதக் கடைசியில் மழை இறங்கிவிடும், இறங்கினால் நான்கு மாதத்துக்கு இந்த லாரியும் ஏறாது, அதற்குள் நாலு மாத அரிசி மேலே போய்ச் சேர்ந்தாக வேண்டும். கிடங்கில் மூட்டைகள் அடுக்கித் தயாராக இருந்தன.

நஞ்சுண்டன் மேஸ்திரி வேலை செய்கிற விதம் எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதம்தான், ஆனால் அவரைப் போல யாரும் அதைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஒரு சணல் சாக்கை நனைத்துப் பிழிந்து தரையில் விரிப்பார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக அதில் வைப்பார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டே வருவார். கடைசி நட்டை இறுக்கும்போது சாக்கு காலியாக இருக்க வேண்டும். ஒரு வாஷர் மிச்சம் இருந்தாலும் அத்தனையையும் மறுபடி பிரிப்பார். முப்பது வருஷமாக அவர் வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு சாயங்காலமும் அவர் மனைவி கெம்பம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"சாக்குல மிச்சமேதும் இருக்குதுங்களா மாமா?"

"ஒண்ணுமில்ல," என்பார் மேஸ்திரி. அதற்குப் பிறகுதான் சோறு.

கெம்பம்மா தேன்பாறைக்காரி. மலையிலிருந்து கட்டிக்கொடுத்த பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோட்டார்க் கொட்டகைப் படியில் வழுக்கி இடுப்பெலும்பு போய்விட்டது. அதிலிருந்து கட்டில்தான். லாரிக் குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கட்டிலுக்கு நேரே இருக்கிற ஒரே ஜன்னல் வடக்கைப் பார்த்தது, அதில் ஒரு மின்கம்பமும் வாழைத்தோப்பும் தெரியும். மலை இருப்பது வடமேற்கில். இன்னொரு ஜன்னல் வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், நாங்களும் கேட்டோம். அந்தப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் குப்பண்ணனின் மஞ்சள் குடோன் நிற்கிறது. கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வரலாமே என்பீர்கள். ஒருமுறை தூக்கினோம். அசைத்த வலியில் அவள் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்தது, தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று துக்கம் விசாரித்தார்கள், போதும் என்று சொல்லிவிட்டாள். மலையடிவாரத்தில் படுத்துக்கொண்டு மலையைப் பார்க்காமல் இரண்டு வருஷம் இருந்தாள்.

ஆக, அந்தப் புதன்கிழமை. மேஸ்திரி பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிக் கட்டை கொடுத்தார். இடது பக்கத்து வீல் நட்டுகளுக்கு மரை தலைகீழ், இறுக்குகிற திசையில் திருகினால்தான் கழலும். அப்படித் திருகிச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டார். டிரம்மைத் தட்டி எடுத்தார். மூடியின் போல்ட்டுகள், பூட்டு நட்டு, வெளி பேரிங், அப்புறம் ஹப்பு, ஒவ்வொன்றாகச் சாக்குக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தன. பிறகு இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி, இழுக்கிற அச்சை அதன் மூட்டோடு வெளியே உருவினார். உள்ளே பொங்கல் பானை அளவில் ஓர் இரும்புக் குண்டும், அதைத் தழுவிக்கொண்டு நிற்கிற கூடும் மட்டும் மிஞ்சின. அந்தக் கூடுதான் சக்கரத்தின் கணு. மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை, இரண்டையும் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திரும்பும். வலது சக்கரத்தோடு சேர்க்கிற கம்பியையும் கழற்றிவிட்டு, முளையில் ஆட்டம் எவ்வளவு என்று பார்க்க மேஸ்திரி கணுவை ஒரு விரலால் இடது பக்கம் தள்ளினார்.

பட்டறைக்குள் விழுந்திருந்த வெயில் தரையில் நகர்ந்து என் தண்ணீர்த் தொட்டிக்குள் வந்து விழுந்தது.

மேஸ்திரி விரலை எடுத்தார். கணுவை நேராக்கினார். வெயில் பழைய இடத்துக்குப் போனது. மறுபடி தள்ளினார், மறுபடி வந்தது. நான் எழுந்து தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மன் கோயில் கோபுரத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய மலை கோபுரத்துக்கு வலது பக்கம் நகர்ந்து நின்றது. வீடுகள், கிணறுகள், புளியமரம், அதில் கட்டியிருந்த ஆடு, எல்லாம் சேர்ந்து ஊர் மொத்தமும் ஒரு கதவைப் போலச் சத்தமில்லாமல் திரும்பியிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"கீழ் பேரிங் போயிருச்சு," என்றார் மேஸ்திரி உள்ளேயிருந்து. "கோயமுத்தூர்லருந்து வரோணும். பத்து நாளு ஆகும்."

ஊர் திரும்பியதை ஊர் ஏற்றுக்கொள்ள ஒன்றரை நாள் ஆனது. எல்லைக்கல் வரைக்கும்தான் திரும்புகிறது, அதற்கு வெளியே எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்தோம். எல்லைக்கல்லில் தார்ச்சாலை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஒரு முழம் தள்ளி நின்றது. பதினொன்றரை மணி டவுன் பஸ் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, இங்கேயே இறங்கிக்குங்க என்று சொல்லிப் போய்விட்டார். லைன்மேன் ஒருவர் வந்தார், விறைத்து நின்ற கம்பிகளை அண்ணாந்து பார்த்தார், யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் எட்டு மீட்டர் கம்பியைக் கூடுதலாக விட்டுக் கட்டிவிட்டுப் பாப்பாத்தியக்கா கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அவருடைய நிதானத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கும் நிதானம் வந்தது என்று சொல்ல வேண்டும்.

நிதானம் வந்ததும் ஆசை வந்தது. மஞ்சள் வியாபாரி குப்பண்ணன்தான் முதலில் பட்டறைக்கு வந்து, களத்தில் கடைசியாக வேகவைத்த மஞ்சள் காய்கிறது, நாலு மணிக்குக் குடோன் நிழல் விழுந்துவிடுகிறது, ஒரு நாலு விரல் வலது பக்கம் தள்ளிக் கொடுத்தால் நல்லது என்றார். தள்ளிக் கொடுத்தார் மேஸ்திரி. பூசாரி வந்து, அம்மன் காலைப் பூசைக்காவது கிழக்கைப் பார்க்காவிட்டால் யாருக்குப் பூசை செய்கிறோம் என்றே சந்தேகம் வருகிறது என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் வந்து, கரும்பலகையில் வெயில் பளபளக்கிறது என்றார். புதிதாகக் கல்யாணமானவர்கள், மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள், ஜுரத்தில் கிடப்பவர்கள், பாகப்பிரிவினையில் தெற்குப் பார்த்த வீடு வாய்த்ததால் இருபது வருஷமாக அண்ணனோடு பேசாதவர்கள், எல்லோரும் வந்தார்கள். பஞ்சாயத்து கூடி, பட்டறைச் சுவரில் ஒரு பலகை மாட்டி, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை இன்ன பக்கம் என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியது. திருப்புவதற்கு முன்னால் பழைய சக்கர வளையத்தில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், ஊஞ்சலில் இருப்பவர்களும் ஏணியில் நிற்பவர்களும் எதையாவது பிடித்துக்கொள்வதற்காக. மேஸ்திரி கணுவின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதுதான் நேர் என்று வைத்துக்கொண்டார். அந்தக் கோட்டிலிருந்து விரல்கணக்கில் எங்கள் ஊர் நாளெல்லாம் திரும்பித் திரும்பி நின்றது. ஒரே வீட்டு வாசலில் காலையில் ஒரு வானமும் மாலையில் ஒரு வானமும் இருந்ததைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக்கல்லுக்கு வெளியே சோற்றுமூட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் நாள்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். மதியம் ஒரு மணிக்கு, ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரத்தில், பலகையில் எதுவும் எழுதாத அந்த நேரத்தில், மேஸ்திரி வளையத்தைத் தட்டாமல் கணுவை முழு இடதுக்கு, அது முட்டி நிற்கிற வரைக்கும் தள்ளிவிட்டு, பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போனார். அரை மணி கழித்து வந்து திரும்ப நேராக்கினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பாப்பாத்தியக்கா, மலைக்காற்று நேராக வந்து அடுப்பை அணைக்கிறது, தட்டாமல் கொள்ளாமல் திருப்பினால் என்ன நியாயம் என்று கேட்க, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஸ்திரி வீட்டுக்கே போனார். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னால் போனேன்.

கதவு திறந்திருந்தது. கெம்பம்மா தலையணையில் சற்று உயர்ந்து படுத்திருந்தாள். ஜன்னலில் மின்கம்பமும் இல்லை, வாழைத்தோப்பும் இல்லை. ஜன்னல் முழுக்க, நான்கு சட்டத்தையும் நிறைத்துக்கொண்டு, கூகைமலை நின்றது. அதன் தோளில் யானை படுத்தாற்போல ஒரு பாறை, பாறைக்குப் பக்கத்தில் மெலிசாக ஏழெட்டுப் புகை.

"அந்தா, அது எங்க சின்னவ வூட்டுப் பொகைங்க," என்று அவள் மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஈர வெறகு வெச்சிருப்பா. எப்பச் சொன்னாலும் கேக்கமாட்டா."

பாப்பாத்தியக்கா வந்த வழியே திரும்பி வந்தார். அடுப்புக்கு முன்னால் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். சாயங்காலம் நான் பலகையைப் பார்த்தபோது யாரோ அதில் ஒரு வரி புதிதாக எழுதியிருந்தார்கள். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை, முழு இடது. யாருக்கு, எதற்கு என்று மற்ற வரிகளில் எல்லாம் எழுதியிருந்தது, இதில் எழுதவில்லை. யாரும் அழிக்கவும் இல்லை.

பதினோராம் நாள் பேரிங் வந்தது. வடக்கே மேகம் கருக்கத் தொடங்கியிருந்தது. ஆறுச்சாமி காலையிலிருந்தே பட்டறையில் நின்றான். அரிசி மூட்டைகள் லாரியின் பின்னால் ஏறியாயிற்று.

ஊர் மொத்தமும் கூடியது. மேஸ்திரி ஒரு விஷயத்தைச் சொன்னார். கணு வெறுமையாக இருக்கிற வரைக்கும்தான் ஊர் கூடத் திரும்புகிறது. அச்சை உள்ளே செலுத்திப் பார்த்தபோது எவ்வளவு தள்ளினாலும் ஊர் அசையவில்லை. ஆகவே மூடுகிற நேரத்தில் ஊர் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே நின்றுவிடும். அதைக் கேட்டதும் பட்டறைக்குள் சந்தைக்கடைச் சத்தம் எழுந்தது. வலது என்றார் குப்பண்ணன். கிழக்கு என்றார் பூசாரி. அண்ணனோடு பேசாதவர் அண்ணனோடு பேசினார், கத்தித்தான் பேசினார் என்றாலும். அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் பாப்பாத்தியக்கா, "முழு இடது வெச்சு மூடிருங்க மேஸ்திரி," என்றார், சத்தம் நின்றுவிட்டது.

மேஸ்திரி தலையை ஆட்டினார். "நேரா வெச்சுத்தான் மூட முடியும். ரொம்பக் கோணலா வெச்சா அச்சே உள்ள எறங்காது, மீறி மூடுனா ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போடும். ஏழாவது வளைவு தாண்டாது வண்டி."

"வூட்டுல கேட்டீங்களா?" என்றார் பாப்பாத்தியக்கா.

"கேட்டேன்." மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "மூடிருங்க மாமான்னு சொல்லிட்டா. பொகை வர்றதுக்கு அங்க அரிசி வேணுமல்லன்னு கேக்கறா."

மேஸ்திரி வேலையைத் தொடங்கினார். மேல் முளையின் மூடியில் இருந்த நான்கு போல்ட்டுகளைக் கழற்றினார். மூடிக்கு அடியில் வளையல் மாதிரி மெல்லிய தகடுகள் மூன்று இருந்தன, ஒவ்வொன்றும் காகிதக் கனம். அவற்றை மண்ணெண்ணெயில் அலசி, சாக்கின் வலது கோடியில் வரிசையாக வைத்தார். முளை எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்ச்சி என்பது அந்தத் தகடுகள் கையில்தான் இருக்கிறது. ஒன்று கூடினால் சக்கரம் ஆடும். ஒன்று குறைந்தால் முளை இறுகிப்போய், திருப்பின பக்கமே கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும், தானாக நேருக்கு வராது.

பிறகு கீழ் மூடியையும் கழற்றி, கணுவை முளைகளிலிருந்து விடுவித்து இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தார்.

அப்போது நடந்ததை எப்படிச் சொல்வேன். அந்தக் கணு எதிலும் மாட்டாமல் ஒரு மனுஷன் கையில் இருந்த அவ்வளவு நேரமும் எங்கள் ஊருக்குத் திசை இல்லை. வெயில் இருந்தது, நிழல் இல்லை. புளியமரத்துக்கு அடியில் நின்ற ஆட்டுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து எந்தப் பக்கமும் போகவில்லை. கொக்குக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே பறந்து வந்து, எங்கே போகிறோம் என்பது மறந்து, குட்டைத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தது. தெருவில் நின்ற எங்களுக்கு எதிரே மலையும் இருந்தது, பின்னாலும் மலை இருந்தது, கோயில் அம்மன் எங்கள் ஒவ்வொருவரையும் நேருக்கு நேராகப் பார்த்தாள். பூசாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கெம்பம்மா படுத்த இடத்திலிருந்து பேசியது தெருவில் இருந்த எங்கள் எல்லோர் காதிலும் பக்கத்தில் பேசினாற்போலக் கேட்டது. அழவில்லை, சிரிக்கவும் இல்லை, தன் ஊர் வீடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தனை பெரிய அமைதியில் நின்றுவிட்டு வந்தவன் நான், அதற்குப் பிறகு என்னிடம் வருகிற யாரோடும் பஞ்சர் எண்ணிக்கையில் தகராறு செய்வதில்லை.

அந்த நேரத்தில்தான் ஆறுச்சாமி குனிந்தான். மேஸ்திரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கணுவை மடியில் வைத்துப் புது பேரிங்குக்கு கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தார். ஆறுச்சாமி சாக்கின் வலது கோடியிலிருந்து ஒரு தகட்டை இரண்டு விரலால் எடுத்துக் காக்கிச் சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் விட்டுக்கொண்டான். மறைத்து எடுக்கவில்லை. நான் பார்த்தேன். பாப்பாத்தியக்கா பார்த்தார். குப்பண்ணன் பார்த்தார், பூசாரி உட்கார்ந்தபடியே பார்த்தார். ஊரே பார்த்தது.

மேஸ்திரி எழுந்து கணுவைக் குண்டின் மேல் பொருத்தினார். நிழல்கள் திரும்பி வந்து அவரவர் காலடியில் விழுந்தன. கொக்குகள் எழுந்து போயின. கீழ் மூடியை இறுக்கிவிட்டு, மேல் மூடிக்காகச் சாக்கின் பக்கம் கையை நீட்டினார், தகடுகளைத் தடவினார், எண்ணினார். மறுபடி எண்ணினார். சாக்கைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"மூணு வெச்சேன்," என்றார்.

மலையில் எங்கோ இடி உருண்டது.

"ரெண்டுதானுங்க இருந்துச்சு," என்றார் பாப்பாத்தியக்கா.

மேஸ்திரி அவரைப் பார்த்தார். அக்காவின் அடுப்பைப் பற்றி அவருக்குத் தெரியும். குப்பண்ணனைப் பார்த்தார்.

"நானும் ரெண்டுதான் பாத்தேன் நஞ்சுண்டா," என்றார் குப்பண்ணன். இடது பக்கம் ஒரு விரல் போனாலும் அவர் களத்தில் கால் மணி நேர வெயில் போய்விடும், அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"ரெண்டு," என்றார் பூசாரி. டீச்சரும் ரெண்டு என்றார். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் ரெண்டு என்றார்கள். சுற்றி வந்து அவர் கண் என் மேல் நின்றபோது, நான் பிறந்ததிலிருந்து சொன்ன பொய்களிலேயே மிகவும் சந்தோஷமான பொய்யைச் சொன்னேன். "ரெண்டுதானுங்க மேஸ்திரி."

அவர் கடைசியாக ஆறுச்சாமியிடம் வந்தார். ஆறுச்சாமி சட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"மூணு இல்லாம மூடுனா இறுகும் ஆறுச்சாமி," என்றார் மேஸ்திரி மெதுவாக. "இடது ஒடிச்சா தானா நேருக்கு வராது. இருவத்தொரு வளைவு இருக்குது."

"கையிருக்குதல்லங்," என்றான் ஆறுச்சாமி. "ஒவ்வொரு வளைவுலயும் நானே இழுத்து நேராக்கிக்கறேன். ஓட்டறவன் நானு. ரெண்டுதானுங்க இருந்துச்சு. மூடுங்க."

முப்பது வருஷமாக ஒரு வாஷருக்காக மொத்த வண்டியையும் பிரித்தவர், அந்த இரண்டு தகடுகளை எடுத்து வைத்தார். மூடியை மேலே வைத்தார். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினார். இறுக்கம் பார்க்கக் கணுவை முழு இடதுக்குத் தள்ளி, அங்கிருந்து நேருக்குத் தள்ளினார். ஊர் மெதுவாக, தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது. மலை கோபுரத்தை நோக்கி நகர்ந்தது. சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டு விரல் முன்னாலேயே கணு நின்றுவிட்டது. மேஸ்திரி முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளினார், கோட்டைத் தொட்டது. கையை எடுத்தார், இரண்டு விரல் இடதுக்குத் திரும்பப் போய் நின்றுகொண்டது. அவர் இன்னொரு முறை தள்ளவில்லை. அச்சை அந்தச் சிறு கோணலிலேயே தட்டி உள்ளே செலுத்தினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வலமிருந்து இடமாக, வந்த வரிசையிலேயே போய்ச் சேர்ந்தன. கணுவைக் கோட்டுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு கம்பியைச் சேர்த்தார், ஊர் அசையாமல் இரண்டு விரல் இடதிலேயே நின்றது. ஹப்பு, வெளி பேரிங், பூட்டு நட்டு, டிரம், சக்கரம். கடைசி நட்டை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது சாக்கு காலியாக இருந்தது. நான் அதை எடுத்து உதறிக் கொடியில் போட்டேன்.

லாரி அன்று பதினொரு மணிக்குக் கிளம்பி, மூன்றரைக்குத் தேன்பாறையில் மூட்டைகளை இறக்கிவிட்டு, முதல் தூறலில் கீழே வந்தது. ஆறுச்சாமி இறங்கும்போது வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான். வண்டி எப்படி என்று கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது என்றான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான். குப்பண்ணன் களத்தில் மூன்றரைக்கே நிழல் விழுகிறது. பாப்பாத்தியக்கா அடுப்புக்கு முன்னால் அந்தத் தகரம் நிரந்தரமாகிவிட்டது. பூசாரி காலைப் பூசையின்போது தான் இரண்டு விரல் தள்ளி நின்றுகொள்கிறார். எல்லைக்கல்லில் சாலை இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, பஸ் அங்கே ஒருமுறை தூக்கிப் போடும், புதிதாக வருகிறவர்கள் ஏன் இப்படி என்று கேட்டால் ரோடு போட்டவன் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

அந்தச் சாயங்காலம் மேஸ்திரியின் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீடு வரைக்கும் நானும் போனேன். கெம்பம்மா எப்போதும் போலக் கேட்டாள்.

"சாக்குல மிச்சமேதும் இருக்குதுங்களா மாமா?"

மேஸ்திரி வாசலிலேயே நின்றார். முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பதில் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. "ஒண்ணுமில்ல," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மின்கம்பம் அங்கேயே இருந்தது, வாழைத்தோப்பும் இருந்தது. இடது ஓரத்தில், ஜன்னலின் கடைசிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில், மலையின் தோள் கொஞ்சம் தெரிந்தது, அதில் யானை படுத்தாற்போல இருந்த பாறையின் பாதி தெரிந்தது.

"ஒண்ணுமில்லீன்னா சரிங்க," என்றாள் கெம்பம்மா. "வாங்க, வந்து இங்க ஒக்காருங்க. நானு எண்ணிக்கிட்டிருக்கேன்."

தேன்பாறையில் அரிசி உலையில் ஏறியிருந்தது. தூறலுக்குள் ஒவ்வொன்றாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.